1/72 பிளாஸ்டிக் படைவீரர் பெட்டி: திருகோணமலை மேசையில் வைத்துப் பார்த்த பிறகு

வாங்கலாம். ஆனால் பெட்டியைத் திறந்த கையோடு மேசையில் அடுக்கிப் போர் விளையாட்டு விளையாட நினைப்பவர் வாங்க வேண்டாம். சிவப்புக் கோட்டு, வெள்ளைக் குறுக்குப்பட்டி, துவக்குப் புகை எல்லாம் மூடியில் இருக்கும் படத்தில் மட்டும்தான். உள்ளே இருப்பது ஒரே நிறத்தில் வார்த்த ஏறக்குறைய ஐம்பது ஆட்கள். ஆளுக்கு ஒரு அங்குலம்கூட வராது. பெயிண்டும் இல்லை, பசையும் இல்லை, எந்தப் பட்டன் என்ன நிறம் என்று பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு சின்னப் படம், அவ்வளவுதான்.

இது ஒரு கம்பனியைப் பற்றிய மதிப்புரை இல்லை. 1/72 அளவில், அதாவது உண்மையான ஆளின் 72இல் ஒரு பங்கு உயரத்தில், வரும் இந்த வகைப் பெட்டி முழுவதையும் பற்றியது. 1959இல் ஏர்ஃபிக்ஸ் என்ற கம்பனி தொடங்கி வைத்தது. பிறகு எஸ்சி, ரெவெல், இத்தாலேரி, ஹாட், ஸ்வெஸ்டா என்று பலரும் வந்தார்கள். எஸ்சியின் பழைய அச்சுகளில் பல இன்று இத்தாலேரியின் பெட்டிக்குள் வருகின்றன. அதனால் புதுப் பெட்டி என்று வாங்கினாலும் உள்ளே நிற்பவன் என்னைவிடக் கொஞ்சம்தான் இளையவனாக இருக்கக்கூடும். எனக்கு வயது 46.

நான் வாங்கியது அமெரிக்க சுதந்திரப் போர்க் காலத்துப் பிரித்தானியக் காலாட்படை. திருகோணமலையில் இருப்பவனுக்கு அமெரிக்காவின் போர் எதற்கு என்று என் மருமகனும் கேட்டான். காரணம் இருக்கிறது. அந்தப் போரில்தான் பிரித்தானியா 1780 டிசம்பரில் ஒல்லாந்தர் மீதும் போர் அறிவித்தது. அறிவித்ததும் கிழக்கில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைகள் எல்லாம் குறியாகின. 1781 நவம்பரில் நாகபட்டினம் போனது. 1782 ஜனவரியில் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸின் கப்பல்கள் இங்கே வந்து நின்றன. முதலில் இப்போது நாம் பிரெட்ரிக் கோட்டை என்று சொல்லும் கோட்டை, பிறகு ஜனவரி 11இல் உள்துறைமுக வாயிலைக் காக்கும் ஒஸ்ரன்பேர்க். அதே வருடம் ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரென் ஆட்களை இறக்கி இரண்டையும் பிடித்துவிட்டார். செப்டம்பர் 3ஆம் திகதி அவருடைய 14 கப்பல்களும் ஹியூஸின் 12 கப்பல்களும் நம்முடைய கடலில் மோதின. 1783 சமாதானத்தில் ஊர் திரும்பவும் ஒல்லாந்தர் கைக்கு. ஒரே வருடத்தில் மூன்று கொடி பார்த்த ஊர் இது. பெட்டியின் மேலே பொஸ்டன், யோர்க்டவுன் என்று போட்டிருந்தாலும் அதே போர், அதே வெட்டுக் கோட்டு. ஒஸ்ரன்பேர்க் மதில் ஏறினவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெட்டி கடையில் இல்லை.

கடை என்று சொன்னேன். திருகோணமலையில் அப்படி ஒரு கடை இல்லை. விளையாட்டுச் சாமான் கடைகளிலும் கோயில் திருவிழாக் கடைகளிலும் பையில் அடைத்த பச்சை ஆமிக்காரர் கிடைப்பார்கள். அவர்கள் இரண்டு மடங்கு உயரம், எந்த நாடு எந்தக் காலம் என்றும் இல்லை. குழந்தைக்கு வாங்கிக் கொடுங்கள், இதற்கு உதவாது. வெளிநாட்டு இணையக் கடையில் எடுப்பிக்க வேண்டும், அல்லது லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் சொந்தக்காரர் லீவுக்கு வரும்போது சொல்லிவிட வேண்டும். என் சித்தப்பா மகன் சூட்கேஸின் ஓரத்தில் செருகிக்கொண்டு வருவான். ஒரு பெட்டி கையில் எடுத்தால் எடையே தெரியாது, அவனும் முகம் சுளிப்பதில்லை. ஒருமுறை இணையத்தில் எடுத்தபோது விற்பவர் வெளிப்பெட்டி போடாமல் வெறும் கவரில் போட்டு அனுப்பியிருந்தார். தபால் கந்தோரில் வாங்கும்போது பெட்டி தோசை போல் சப்பளிந்திருந்தது. உள்ளே பார்த்தால் ஒருவனுக்கும் ஒன்றும் இல்லை. துவக்குகள் வளைந்திருந்தன, முறியவில்லை.

இந்த மென்பிளாஸ்டிக்கின் முதல் நன்மை அதுதான். பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக், வளையும், உடையாது. வளைந்த துவக்கைக் கொதித்த நீரில் சற்று நேரம் பிடித்து, விரலால் நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் போட்டால் அப்படியே நிற்கும். மருமகனின் முழங்கை பட்டு ஒரு படைப்பிரிவே மேசையிலிருந்து சீமெந்துத் தரைக்குப் போயிருக்கிறது. பொறுக்கி வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தோம்.

முதல் குறையும் அதே பிளாஸ்டிக்தான். அதில் எதுவும் பிடிக்காது. மொடல் விமானம் ஒட்டும் பசை சாதாரண கடினப் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுகிறது, இதைக் கரைக்காது. பெயிண்டும் மேலே படிந்து நிற்குமே தவிர உள்ளே பற்றாது. நேராகப் பெயிண்ட் அடித்தால் பயனெற் என்ற துவக்குக் கத்தியிலிருந்தும் துவக்கு முனையிலிருந்தும் முதலில் உரியும், ஏனென்றால் வளைகிற இடம் அதுதான். அரம் போட்டுத் தேய்க்கவும் முடியாது. தேய்த்த இடத்தில் பஞ்சு பஞ்சாக நார் கிளம்பும். அச்சின் இரண்டு பாதி சேர்ந்த கோட்டைப் புதுப் பிளேட்டால் ஒரே இழுப்பில் சீவ வேண்டும், பழைய பிளேட் என்றால் நார்தான்.

நான் செய்வது இது. ஸ்புரூ என்று சொல்லும் அந்தச் சட்டத்தோடு சேர்த்தே ஆட்களைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஊறவைத்துப் பழைய பல் தூரிகையால் தேய்ப்பேன். அச்சில் ஒட்டாமல் இருக்கப் பூசிய எண்ணெய்ப் பசை போக வேண்டும். காய்ந்ததும் ஹாட்வெயார் கடையில் பைண்டர் கம் என்று கேட்டால் தரும் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து மெல்லிய பூச்சு. அது காய்ந்தால் தோல் மாதிரி ஆளை இறுக்கிப் பிடிக்கும், வளைந்தாலும் கூடவே வளையும். அதன்மேல் அக்ரிலிக். கடைசியில் இன்னொரு பூச்சு வார்னிஷ். இந்த நான்கு படியில் ஒன்றைத் தாண்டினாலும் விளையாடும்போது விரலில் சிவப்பு வரும். பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் விலையுயர்ந்த பிறைமர் ஸ்பிறே வாங்கச் சொல்வார்கள். நம்முடைய ஊருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வாடை மழைக் காலத்தில் ஸ்பிறே அடித்தால் காற்றின் ஈரத்தில் வெள்ளை பூத்துவிடுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நேர்மாறு, ஆளில் படுவதற்கு முன்பே தூள் தூளாகக் காய்ந்து சொரசொரப்பாக இறங்குகிறது. தூரிகையும் பைண்டர் கம்மும் எந்தக் காலத்திலும் வேலை செய்யும். கச்சானில் அக்ரிலிக் தூரிகையிலேயே காயாமல் இருக்க ஒரு வழி: பெயிண்டைத் தட்டில் ஊற்றாமல், நனைத்த ஸ்பொஞ்சின் மேல் எண்ணெய்த்தாள் விரித்து அதில் வையுங்கள். மத்தியானம் வைத்தது பின்னேரமும் ஈரமாக இருக்கும். ஃபானை நிறுத்துங்கள். கஷ்டம்தான்.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் என் தொழிலுக்குத் துரோகம். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன். நாற்பது தாண்டினால் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் சக்தி இறங்கும். எல்லாருக்கும் இறங்கும். இந்த அளவு ஆளின் பட்டன் ஊசி முனை அளவு. பத்திரிகை வாசிக்க வாங்கிய கண்ணாடியோடு உட்கார்ந்து தலைவலி என்று வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். +2 லென்ஸ் ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர் தூரத்துக்குப் பொருந்தும், பெயிண்ட் அடிக்கும்போது நாம் பிடிப்பதோ 25, 30. தூரம் பாதியானால் பவர் இரண்டு மடங்கு வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு கூடிய பவர்க் கண்ணாடி, அல்லது தலையில் மாட்டும் உருப்பெருக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்டைவிட முதலில் வாங்க வேண்டியது அது.

செதுக்கலைப் பற்றி: நான் பார்த்த பெட்டிகளில் முகம் நன்றாக இருக்கும், கை சுமாராக இருக்கும், துவக்கு கட்டையாக இருக்கும். அச்சு இரண்டு பாதியாகத் திறப்பதால் ஆள் பக்கவாட்டில் தட்டையாக நிற்பான். நெஞ்சுக்கும் துவக்குக்கும் நடுவில் இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் நிரம்பிக் கிடக்கும். அதைக் கறுப்பு நிறத்தால் மறைக்கலாம். எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். ஐம்பது பேரில் பாதிப்பேர் பிரயோசனமான நிலையில் நிற்கிறார்கள்: நடப்பவன், சுடுபவன், குண்டு நிரப்புபவன். மற்றப் பாதியில் ஒருவன் துவக்கைத் தலைகீழாகப் பிடித்து ஓங்குகிறான், ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறான், ஒருவன் தொப்பியைத் தூக்கி ஆட்டுகிறான். அந்தக் காலத்துக் காலாட்படை தோளோடு தோள் வரிசையில் நின்று சுட்டது. எனக்கு வேண்டியது ஒரே மாதிரி நடக்கிற நாற்பது பேர். சினிமா பார்த்தவர் கையில் செதுக்கக் கொடுத்தால் இப்படித்தான்.

28 மி.மீ. உயரக் கடினப் பிளாஸ்டிக் ஆட்களோடு ஒப்பிடச் சொல்லிக் கேட்கிறார்கள். பெரி மினியேச்சர்ஸின் இதே போர்ப் பிரித்தானியக் காலாட்படைப் பெட்டி ஒன்று நண்பரிடம் பார்த்தேன். 38 ஆட்கள், தலையும் கையும் தனித்தனி. அழகில் ஒப்பீடே இல்லை. தொப்பியின் மடிப்பு, கழுத்துப் பட்டி, கால்மூடியின் பட்டன் வரிசை எல்லாம் தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கும். பசை நொடியில் பிடிக்கும், பெயிண்ட் உரியாது. காட்சிக்கு வைக்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கலாம். விளையாடுகிறவருக்கு நான் சின்னதையே சொல்வேன். அந்த ஒரு பெட்டியின் விலையில் சின்னப் பெட்டி இரண்டு வரும், ஆட்கள் நூறு. பெரிய ஆள் வந்தால் மேசையும் பெரிதாக வேண்டும். கடினப் பிளாஸ்டிக்கின் பயனெற் கீழே விழுந்தால் போச்சு. எங்கள் வீட்டில் எல்லாம் கீழே விழும்.

சரி, பெட்டியில் இல்லாதவர்களைப் பற்றிப் பேச வேண்டும். என் உண்மையான மனக்குறை இதுதான். ஒஸ்ரன்பேர்க்கில் ஏறியவர்கள் பெரும்பாலும் கப்பல்காரரும் கடற்படைக் காலாட்களும். தரையிறங்கிய படையில் மதராஸ் சிப்பாய்கள் இருந்தார்கள். ஒல்லாந்தர் பக்கத்தில் இலங்கை முழுவதும் மலாய்ப் படை சேவித்தது. டெ மேயுரோன் என்ற சுவிஸ் படைப்பிரிவும் அவர்களிடம் கூலிக்கு இருந்து 1795இல் அப்படியே பிரித்தானியர் பக்கம் மாறியது. அதாவது இந்தத் துறைமுகத்துக்காகச் சண்டையிட்டவர்களில் பலர் பெட்டி மூடியில் இருக்கிற முகம் இல்லை. வாட்டர்லூ பெட்டி எத்தனை வேண்டும்? உரோமர், கெற்றிஸ்பேர்க், நோர்மண்டி, எல்லாம் குவியலாகக் கிடைக்கும். தலைப்பாகை கட்டின சிப்பாய் வேண்டுமென்றால் உலோக வார்ப்பில் தேட வேண்டும், உலோகம் என்றால் தபால் செலவு எடையைப் பார்க்கும்.

ஆகவே நானே வெட்டி ஒட்டுகிறேன். கடற்படைக் காலாட்கள் சுலபம். சிவப்புக் கோட்டு அப்படியே, மார்பு மடிப்பு வெள்ளை. (நீல மடிப்புப் போடாதீர்கள். அது 1802இல் அரச பட்டம் கிடைத்த பிறகு வந்தது.) கப்பல்காரருக்கு அமெரிக்கத் தன்னார்வப் படைப் பெட்டி. பிரித்தானியக் கடற்படையின் சாதாரண மாலுமிக்கு 1857 வரை சீருடை என்று ஒன்று கிடையாது. கட்டம் போட்ட சட்டை, தொளதொளக் காற்சட்டை, கழுத்தில் துண்டு. துவக்கை வெட்டி எறிந்து, ஸ்புரூவில் மிஞ்சிய துண்டைச் சீவி வாளாக்கி, அடியில் ஊசித்துளை போட்டு சூப்பர் குளூ வைத்தால் நிற்கும். சூப்பர் குளூ மட்டும் போதாது, ஊசியின் சின்னத் துண்டொன்று உள்ளே போக வேண்டும். மதராஸ் சிப்பாய்தான் வேலை. காலில் இருக்கும் முழங்கால் வரை வரும் துணி மூடியைச் சீவிவிட்டு வெறுங்காலாக்க வேண்டும். அரைக் காற்சட்டை வெள்ளை, தொடைக்குக் கீழே மனித நிறம். மூன்று முனைத் தொப்பியைச் சீவி உருட்டி, இரண்டு குழாயில் வரும் எபொக்சி மாவைக் கலந்து புழு மாதிரித் திரித்துச் சுற்றினால் தலைப்பாகை. நீலம் அடிக்கிறேன். முதல் வரிசை முடிந்ததும் மருமகன் ஒருவனைத் தூக்கி வைத்துப் பார்த்துவிட்டு, “மாமா, இவர் எங்கட ஆள் மாதிரிக் கிடக்கு” என்றான். மென்பிளாஸ்டிக் கத்திக்கு இலகு என்பதால்தான் இவ்வளவும் முடிகிறது. கடினப் பிளாஸ்டிக்கில் தலை மாற்றுவது இன்னும் இலகு, ஆனால் மாற்ற அந்தத் தலை வேண்டுமே.

அடித்தளத்துக்கு ஒரு ரூபாய்க் குற்றி. 2005க்குப் பிறகு வந்த பொன்னிறக் குற்றி உள்ளே இரும்பு, 20 மி.மீ. அகலம், ஒருவன் நிற்க அளவாக இருக்கும். பிஸ்கட் டின்னில் காந்தத் தாள் ஒட்டி வைத்தால் மோட்டார் சைக்கிளில் கொண்டு போனாலும் அசையாது. ஆனால் கடற்காற்று ஓரத்தைத் தின்னும், அடியிலும் பெயிண்ட் அடியுங்கள். மேலே ஒட்டும் மணலுக்கு நிலாவெளிக்குப் போகாதீர்கள். கடல் மணலை எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் உப்பு நின்று ஈரம் இழுக்கும், பிறகு பசை வெளிறும். பக்கத்து வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டிய ஆற்று மணல் ஒரு சிரட்டை போதும்.

மேசையில் எப்படி? ஆறடிக்கு நான்கடிச் சாப்பாட்டு மேசை எங்களுடையது. ஆள் 1/72 என்பதற்காக நிலமும் 1/72 என்று நினைத்தால் ஆட்டம் நடக்காது. அந்தக் காலத்துத் துவக்கு ஏதோ குறி பார்த்துச் சுடக்கூடிய தூரம் 100 மீற்றர் என்று வையுங்கள். 72ஆல் பிரித்தால் 1.4 மீற்றர், மேசையின் அகலத்தையே தாண்டிவிடும். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலை 100 மீற்றருக்கும் மேலே. அதையும் அப்படியே கட்டினால் சீலிங் ஃபானுக்குக் கிட்டப் போகும். அதனால் ஆளுக்கு ஒரு அளவு, நிலத்துக்கு இன்னொரு அளவு. எங்கள் விதியில் 100 மீற்றர் 15 சென்ரிமீற்றர், ஒரு ஆள் இருபது பேருக்குச் சமம். இங்கேதான் சின்ன ஆள் வெல்கிறான். ஐம்பது பேர் வைத்தாலே ஆயிரம் பேர் படை, கண்ணுக்கும் படை மாதிரியே தெரிகிறது. செப்டம்பர் கடற்சண்டைக்கு இந்தப் பெட்டிகள் உதவாது. கப்பலுக்கு 1/700, 1/1200 என்று வேறு உலகம் இருக்கிறது.

ஒஸ்ரன்பேர்க் மதிலை ரெஜிஃபோமில் வெட்டினேன். மாதிரி பார்க்கப் போகலாம் என்றால் அது கடற்படைத் தளத்துக்குள். பிரெட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் மான்களையும் மதிலையும் பார்க்கலாம், ஆனால் இராணுவ முகாம் இருக்கிற இடத்தில் நாடாவை விரித்து மதில் அளக்கிறவனை என்ன நினைப்பார்கள் என்று யோசித்துவிட்டு, கும்பிட்டுவிட்டு வந்தேன். உள்துறைமுக வீதியில் இருக்கும் கடற்படை வரலாற்று அருங்காட்சியகத்தில் கொஞ்சம் பார்க்கலாம். ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம், அதன் கதவும் யன்னலும்கூட உதவும்.

அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. முதல் வரிசை காயும்போது பார்த்துவிட்டு, “இவ்வளவு காலமும் றோட்டில நிண்டது காணாதெண்டு மேசையிலயும் கொண்டந்து நிப்பாட்டுறியோ?” என்று கேட்டா. இது இருநூறு வருசத்துக்கு முந்தின ஆட்கள் அம்மா என்றேன். “எந்த வருசமெண்டாலும் துவக்குத் துவக்குத்தானே” என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனா. எனக்குப் பதில் இருக்கவில்லை, இப்போதும் இல்லை. ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன்: 1945க்கு இந்தப் பக்கத்து உடுப்போடு ஒருவரும் இந்த வீட்டுக்குள் வரமாட்டார்கள். இணையக் கடையில் பக்கத்திலேயே நவீனப் படைகள் எல்லாம் காட்டும், பார்த்துக்கொண்டு தாண்டுவேன். இருபதாம் நூற்றாண்டில் எனக்கு இருப்பது ஒரு 1/72 ஹரிகேன் விமானம் மட்டும், 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் குண்டு போட்ட காலையில் சீனக்குடாவிலிருந்து எழும்பிய வகை. அது மேசைக்கு வராது, அலுமாரியில் தொங்குகிறது.

பிள்ளைகளுக்கு வாங்க நினைப்பவர்களுக்கு: பத்து வயதுக்குக் கீழே வேண்டாம், துண்டுகள் சின்னவை, பிளேட் வேலை உண்டு. வெயில் படுகிற யன்னலோரம் வைக்க வேண்டாம். இந்தப் பிளாஸ்டிக் வருடக்கணக்கில் வெயில் குடித்தால் மொறுமொறுப்பாகி, வளைய வேண்டியது முறியும். பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவதானால் முதலில் ஒரு துவக்கை மெல்ல வளைத்துப் பாருங்கள்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் பிளாஸ்டிக்குக்கு நான்கு, நிற்கிற நிலைகளுக்கு இரண்டரை, பெட்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்பதற்கு ஒன்றரை. அடுத்ததாக பிரெஞ்சுக்காரருக்கு ரெவெலின் ஏழாண்டுப் போர் ஆஸ்திரியக் காலாட்படையை வெள்ளைக் கோட்டுக்காகச் சொல்லிவிட்டிருக்கிறேன். வெட்டில் வித்தியாசம் உண்டு, மூன்றடி தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. சித்தப்பா மகன் ஓகஸ்டில் வருகிறான், பீரங்கிப் பெட்டி ஒன்றும் கேட்டிருக்கிறேன். கனமில்லை என்று அவனுக்கு இன்னொரு முறை சொல்ல வேண்டும்.